கையெழுத்துக்கு முன் டீ குடிக்கப் போகாதீர்கள்
ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மீனவர்கள் வரவில்லை என்று ஒரு கட்டுரை குறைப்படுகிறது. சரி, எப்படி வருவார்கள்? பகல் பதினோரு மணிக்கு வைத்தால் பாம்பன், மண்டபம் பக்கம் பாதிப்பேர் கடலில். பாசி எடுக்கிற பெண்களும் தண்ணீரில்தான். இந்தக் கூட்டங்களுக்கு விதி சொல்கிற 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. ஆனால் இத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற கணக்கே இல்லை. பத்துப் பேரோடும் முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் நாங்கள் கோட்டைவிட்டது வேறு. பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திடவேண்டும். நாங்களோ கத்தி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். அப்புறம் அந்தச் சுருக்கத்தின் பிரதியைப் பார்த்தால், வலை விடுகிற இடம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூட்டத்தை வீடியோ எடுப்பதும் விதிதான். அதைக் கேட்டு இப்போது மனுப் போட்டிருக்கிறோம்.