உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை, ஆண்டு வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால் போதும் என்று சொல்வது உள்நாட்டு ஊர்களுக்குப் பொருந்தலாம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் இரண்டு தனி வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் எனக்கு அது போதவில்லை. வாங்கும் முன் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றைப் பாருங்கள் (எல்லோரும் சொல்வதுதான்). கூடவே ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள். புது வெள்ளைக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடினால், உப்பேறிய கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைப் பிளக்கத் தொடங்கியிருக்கலாம். அதை மழைக்கறை என்று நம்பி வாங்கிய எனக்கு முதல் ஆண்டு வாடகை முழுவதும் கொத்தனாருக்கே போனது. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், குடிநீர்ச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துவதால், தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.