ஐலண்ட் பீக் வெறும் நடைபயணம் அல்ல

நேபாளத்தில் எவரெஸ்ட் பகுதியிலுள்ள மலைச்சிகரம் ஒன்றைப் பற்றி, "ஐலண்ட் பீக் ட்ரெக்கிங் பீக்தானே, எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்தவர்கள் டயமாக்ஸ் (உயர நோய்த் தடுப்பு மாத்திரை) போட்டுக்கொண்டு ஏறிவிடலாம்" என்று சிலர் சொல்வது ஆபத்தான அரைகுறைத் தகவல். ட்ரெக்கிங் பீக் என்பது நேபாள மலையேற்றச் சங்கம் தரும் அனுமதியின் வகை, அவ்வளவுதான்.

உயரம் 6,100 மீட்டருக்கு மேல். பனிப்பிளவுகள் உள்ள பனியாற்றைத் தாண்டியதும் செங்குத்தான பனிச்சுவர். கட்டிவைத்த கயிற்றில் ஜூமார் (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) போட்டுத்தான் ஏற முடியும். கயிறு கட்டிய ஒவ்வொரு முடிச்சிலும் முதலில் பாதுகாப்புக் கராபினரை (இடுப்புப் பட்டையோடு இணைந்த கொக்கி வளையம்) முடிச்சுக்கு மேல் மாட்டுங்கள், பிறகுதான் ஜூமாரைக் கழற்றி மாற்ற வேண்டும். தடித்த கையுறையோடு, இருட்டில். இதைக் கீழேயே கையுறை போட்டுப் பழகாதவர்கள் அங்கே திணற, பின்னால் வருபவர்கள் குளிரில் விறைத்து நிற்பார்கள். இறங்குவது இன்னும் மோசம்: களைப்பில் ஃபிகர் எய்ட்டில் (கயிற்றில் இறங்க உதவும் எட்டு வடிவ உலோகக் கருவி) கயிற்றைத் தப்பாகக் கோத்தால் முடிந்தது கதை. சாதாரண ட்ரெக்கிங் ஷூவும் ஆகாது. அடிப்பகுதி வளைந்து கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள் சட்டம்) கழன்றுவிடும்.

டயமாக்ஸ் (தடுப்புக்கு வழக்கமாக 125 மி.கி., நாளுக்கு இரு வேளை, மருத்துவரைக் கேட்டு) உடல் பழக உதவும், பழகுவதற்கு மாற்று இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். 3, 4 நாளுக்கு ஒரு ஓய்வு நாள். ஒருவர் நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால், நடுராத்திரியானாலும் உடனே கீழே இறக்குங்கள்.