கார்டேஜ் என்றால் சாவு ஊர்வலம் மட்டும் இல்லை

ஒரு சொல்லை வட்டமிட்டு எல்லோருக்கும் அனுப்பினார்களே, அந்தக் கல்யாணப் பத்திரிகை விஷயம்தான். படத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, சிரித்தும் ஆகிவிட்டது. மறுபடி இங்கே போட மாட்டேன். ஆங்கிலப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான். பாரீசிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்காக, மாப்பிள்ளை ஊர்வலம் என்ற இடத்தில் கார்டேஜ் (cortege) என்று போட்டேன். அதை வட்டமிட்டு, "மாப்பிள்ளையைப் பாடையிலா தூக்கி வர்றாங்க?" என்று எழுதியவர் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். அதுதான் வலிக்கிறது.

சார், அகராதியைப் பாருங்கள். முதலில் பரிவாரம் என்று இருக்கும். அப்புறம் ஊர்வலம், குறிப்பாக இறுதி ஊர்வலம் என்று வரும். குறிப்பாக என்றால் மட்டும் என்று அர்த்தமா? மாம்பழம், குறிப்பாக மல்கோவா என்றால் மற்றதெல்லாம் மாம்பழம் இல்லையா?

இத்தாலிய மொழியில் அரசவைக்கு கோர்தே என்று பெயர். அதிலிருந்து பிறந்து பிரெஞ்சுக்குப் போய் கொர்தேஜ் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பெரிய மனிதர் பின்னால் போகும் கூட்டம், அவ்வளவுதான். பிரெஞ்சில் இன்றைக்கும் கல்யாண ஊர்வலம் கொர்தேஜ் நுப்சியால், சாவு ஊர்வலம் கொர்தேஜ் ஃபுனேப்ர். சாவு என்று சொல்ல அவர்களுக்கே இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்வலமும் அப்படித்தானே? சாமி ஊர்வலம், மாப்பிள்ளை ஊர்வலம், இறுதி ஊர்வலம். மாசி மகத்துக்கு மயிலம் முருகன் நம் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவதையும் ஊர்வலம் என்றுதானே சொல்கிறோம்? யாராவது பதறுகிறோமா?

"ஆங்கிலத்தில் படிப்பவனுக்குச் சாவுதானே நினைவுக்கு வரும், பேசாமல் புரொசெஷன் என்று போட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்பீர்கள். சரி, போட்டிருக்கலாம். ஆனால் மந்திரி கார்கள் வரிசையாகப் போனால் கேவல்கேடு என்று எழுதுகிறார்களே, அது குதிரைக்காரர்கள் அணிவகுத்துப் போவதற்கு வந்த சொல். அங்கே குதிரை எங்கே என்று யாரும் வட்டமிடவில்லை. எங்கள் வீட்டுச் சொல்லுக்கு மட்டும்தான் சிரிப்பு வருகிறது.

ஆமாம், எங்கள் வீட்டுச் சொல்தான். அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சு தேசிய நாளுக்கு முந்தின நாள், ஜூலை 13 சாயங்காலம் காகித விளக்கைப் பிடித்துக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு நடப்பார். மெழுகு உருகி மணிக்கட்டில் விழும், உதற மாட்டார். மறுநாள் காலை அந்த இடம் சிவந்திருக்கும். "கொர்தேஜ்ல கை ஆடக் கூடாதுடா" என்பார். என் கல்யாணத்தன்று நெல்லித்தோப்பில், பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்களை வரிசையில் நிறுத்திவிட்டு வாசலில் நின்று, "கொர்தேஜ் கிளம்பிடுச்சு, எல்லாம் வாங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அந்தக் குரலில் சாவு இல்லை சார்.

பிரெஞ்சுக்காரனுக்கு வால் பிடிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1954இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது, எனக்கும் தெரியும். கொடி மாறினால் அப்பா பேசிய சொல்லையும் அழித்துவிட வேண்டுமா? அப்படி எழுதியவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

என்னை மட்டும் பார்த்துச் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். நேற்று ராத்திரி மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "தம்பி, நெசமாவே அது அபசகுனமான வார்த்தையா?" என்று கேட்டார். இல்லை அக்கா, இல்லவே இல்லை என்று அரைமணி நேரம் சொன்னேன். சரி தம்பி, சரி தம்பி என்று கேட்டுக்கொண்டார். காலையில் போய்ப் பார்த்தால், கொடுக்காமல் மிச்சமிருந்த பத்திரிகைகளைக் கூடத்தில் பரப்பி வைத்து, அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் வெள்ளைக் காகிதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.