நாலு முறை கழுவியாச்சு, இன்னும் என்னய்யா கழுவுவது?

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு. நாலு சக்கரக் குவாட் பைக்கில் ஆக்சிலரேட்டர் சிக்குகிறது என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் இதே மந்திரம்தான். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கும்.

சரி, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று நானும் கழற்றினேன். ஒருமுறை இல்லை, நாலு முறை.

குவாடில் கார்புரேட்டரை வெளியே எடுப்பது என்றால் என்னவென்று இந்தத் தீர்ப்பாளர்களுக்குத் தெரியுமா? சீட்டைத் தூக்கு, பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்று, டேங்கை இறக்கு. அப்புறம் ஏர் ஃபில்டர் பக்க ரப்பர் குழாயோடு மல்யுத்தம். மேல்மூடியைத் திருகி எடுத்தால் கேபிள், ஸ்பிரிங், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு, அதில் தொங்கும் ஊசி எல்லாம் ஒரே கொத்தாக வரும். ஸ்பிரிங்கை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேபிள் முனையை விடுவிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊசியின் குட்டிக் கிளிப் துள்ளிச் சேற்றில் விழும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. முட்டிபோட்டுத் தேடியிருக்கிறேன், டார்ச் அடித்து.

கழுவினேன், காற்றடித்தேன். ஸ்லைடில் கீறல் இல்லை, ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் இருந்தது. ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கும்படி, பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் சரியாக உட்காரும்படி மாட்டினேன். பூட்டி ஓட்டினால் ரெண்டு நாள் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் திருப்பத்தில் விரலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே மேட்டை நோக்கி இழுக்கும். கில் சுவிட்சைத் தட்டி நிறுத்தியதும் கால் நடுங்குமே, அதையும் கழுவச் சொல்வார்களா?

கட்டைவிரல் லீவரை அழுத்தினால் கேபிள் ஸ்லைடை மேலே இழுக்கும். ஆனால் கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளாது. விரலை எடுத்ததும் ஸ்லைடைக் கீழே இறக்குவதோடு, கேபிளையும் இழுத்து லீவரையும் திருப்பிவிடுவது என் வண்டியில் கார்புரேட்டருக்குள் இருக்கும் அந்த ஒரே ஸ்பிரிங்தான். வழியில் எங்கே எது பிடித்தாலும் அது தோற்றுவிடும். அப்படியிருக்க, கோளாறு கார்புரேட்டரில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இந்தக் கேள்வியை முதல் நாளே நான் கேட்கவில்லை என்பதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

ஐந்தாம் முறை டேங்கை இறக்கியபோதுதான் புத்தி வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கேபிளை ஸ்லைடிலிருந்து விடுவித்து, ஸ்லைடையும் ஸ்பிரிங்கையும் மட்டும் உள்ளே வைத்துத் தூக்கி விட்டேன். 'டக்' என்று விழுந்தது. பத்து முறை தூக்கினேன், பத்து முறையும் டக். அடுத்து கேபிளின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பாதி வழியில் சொரசொரவென்று ஒரு தடங்கல். எத்தனை நேரம் ஆனது இந்தச் சோதனைக்கு? டேங்கை இறக்கிய நேரத்தை விட்டால் ஒரு நிமிடம்!

ஹேண்டிலில் இருக்கும் கட்டைவிரல் லீவரின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக ஒரு களிம்பு. மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அரைத்த சாந்து. அந்த எண்ணெய் யார் போட்டது தெரியுமா? நான்தான். "சிக்கினால் கொஞ்சம் ஸ்பிரே அடிங்க, வழுக்கிக்கொண்டு போகும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார், வாராவாரம் அடித்தேன். அடித்த அன்று வழுக்கும். மறுநாள் பறக்கிற புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டி, லீவரின் அச்சை உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காசு கொடுத்து மண்ணுக்குப் பசை வாங்கியிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. லீவரில் கேபிள் மாட்டும் இடத்தில் ஒரே ஒரு இழை அறுந்து, தலைமுடி கணக்காக நீட்டிக்கொண்டிருந்தது. கேபிள் உறையின் வாயில் அது சில நேரம் உரசும், சில நேரம் உரசாது. ரெண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மூன்றாம் நாள் உயிரை வாங்கிய ஆசாமி இவன்தான். நான் கார்புரேட்டரைக் கழுவிய புண்ணியத்தால் எதுவும் சரியாகவில்லை, கழற்றி மாட்டும்போது கேபிள் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

புதுக் கேபிள் போட்டேன். லீவர் பெட்டியைத் துடைத்து, அச்சுக்கு மட்டும் துளி கிரீஸ் வைத்தேன். லீவரில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆட்டம் விட்டேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஐடில், அதாவது லீவரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறுகிறதா என்றும் பார்த்தேன். ஏறவில்லை. இப்போது விரலை எடுத்தால் லீவர் பட்டென்று திரும்புகிறது.

ஆனால் அத்தனை முறை கழற்றியதில் கார்புரேட்டர் மேல்மூடியின் மரை தேய்ந்துவிட்டது. எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றுகிறது. தெரிந்தவர் ஒருவரிடம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எதற்கும் கார்புரேட்டரை ஒருதடவை கழற்றிக் கழுவிப் பாருங்களேன்."