பெத்தவள் 'ப்ரோ' ஆன கதை

"ரசம் ஆறுது, வந்து சாப்பிடு கண்ணு" என்றால், "சில் ப்ரோ" என்று பதில் வருகிறது. நான் அவனைப் பெத்தவள். பத்தாவது படிக்கிறான்.

அவன் அப்பா ஜோக் சொன்னால் 'க்ரிஞ்ச்'. நான் ஏதாவது கேட்டால் 'பூமர்'. பூமர் என்றால் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களாம். நான் பிறந்தது 1981. கணக்கிலும் பையன் வீக்.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, ஒரு நாளாவது போனை மறக்கட்டும் என்று போன ஞாயிறு ஏற்காடு கூட்டிப்போனோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்றிலாவது தலை நிமிர்ந்ததா? எனக்குத்தான் தலை சுற்றியது. மேலே பகோடா பாயிண்ட்டில் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே கையசைப்பைப் பதினோரு தடவை எடுத்தான். நான் வாங்கிய மிளகாய் பஜ்ஜியையும் தொடவிடவில்லை. "இரு ப்ரோ, லைட்டிங் வரட்டும்." பஜ்ஜி ஜில்லிட்டுப் போனது.

திட்டினால் தோளைக் குலுக்குகிறான், எவனோ வெள்ளைக்காரப் பையன் மாதிரி. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

நேற்று கடைவீதியில் தட்டுவடை செட் வாங்கி வந்தேன். ஒரு வாய் மென்ற என் மாமியார், வயது 74, நிதானமாகச் சொல்கிறார்: "வைப் இல்ல கண்ணு."