அந்த ஐந்து நிமிட ஷாட்: பரவும் தகவல் சரியா?

பெங்களூரு அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் சினிமா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு பதிவு சுற்றுகிறது. 2009-ல் வந்த அர்ஜென்டினாவின் ஸ்பானிய மொழிக் குற்றப் படம் ‘தி சீக்ரெட் இன் தேர் ஐஸ்’. அதன் கால்பந்து மைதானக் காட்சி வெட்டே இல்லாமல், நிஜ ரசிகர் கூட்டத்துக்கு நடுவே ஒரே டேக்கில் எடுக்கப்பட்டதாம்; படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததே இந்த ஷாட்டுக்காகத்தானாம். இரண்டும் தவறு.

இரவு வானிலிருந்து மைதானத்தை நோக்கி இறங்கும் கேமரா, ஆட்டத்தின் மேலே பறந்து, கூட்டத்துக்குள் புகுந்து நாயகனின் முகத்தில் நிற்கிறது. அங்கிருந்தே துரத்தல் தொடங்கி, தாழ்வாரங்கள் வழியாகப் புல்தரை வரை போகிறது. வானில் பறந்த கேமரா அப்படியே ஒருவர் தோளுக்கு எப்படி வரும்? தனித்தனியாக எடுத்த பல ஷாட்களைக் கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். கேமரா வெடுக்கென்று திரும்பும்போதும், யாராவது லென்ஸைக் கடக்கும்போதும் இத்தகைய ஒட்டு கண்ணில் படாது. நிரம்பி வழியும் கேலரியில் நிஜ ஆட்கள் சுமார் 200 பேர்தான், மற்றவர்கள் கிராஃபிக்ஸ். படப்பிடிப்பு சில நாட்களில் முடிந்தது, ஒட்டுவேலைக்குத்தான் மாதக்கணக்கானது.

ஒரே டேக் என்று சொல்வது அந்தக் கிராஃபிக்ஸ் கலைஞர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஆஸ்கர் இந்த ஷாட்டுக்காகக் கிடைத்தது என்பதும் சரியல்ல. 2010-ல் படம் வென்றது சிறந்த வெளிநாட்டு மொழிப் பட விருது.