"மேரீட் வித்"துக்கு இவ்ளோ சிரிப்பா?

முந்தாநாள் ஆஃபீஸ் ட்ரெயினிங்ல நடந்தத மறுபடி நீட்டி விளக்கப் போறதில்ல, உங்கள்ல பாதிப் பேர் அங்கதான இருந்தீங்க, சிரிச்சவங்களும் இதப் படிப்பீங்கன்னு தெரியும். புதுசா சேந்த பொண்ணு "ஐ ஆம் மேரீட் வித் எ பேங்க் ஆஃபீசர்"னுச்சு. உடனே நம்ம பெரியவர் "ஓ, கூட அவருக்கும் கல்யாணம் ஆச்சாம்மா?"ன்னாரு. ரூமே குலுங்கிச்சு.

"மேரீட் டு"தான் சரி. யாரு இல்லைன்னா? அத சொல்லிக் குடுக்கலாம், சிரிக்கக் கூடாது, அவ்ளோதான் நான் சொல்ல வர்றது.

"எம்மேல கோவமா"ன்னு கேட்டு வளந்த வாய்க்கு "ஆங்ரி ஆன் மீ"தான் வரும், "ஆங்ரி வித் மீ" எங்கேந்து வரும்? கணக்குல கெட்டி, அதனால "குட் இன் மேத்ஸ்". அவரோட கல்யாணம், அதனால "வித்". அந்தப் பொண்ணு ஒண்ணும் முட்டாள் இல்ல, தமிழ்ல யோசிச்சிருக்கு. "குட் அட்", "அஃப்ரெய்ட் ஆஃப்", "இன்ட்ரஸ்டட் இன்", இதெல்லாம் யோசிச்சுக் கண்டுபிடிக்கிற சமாச்சாரமா? ஜோடி ஜோடியா மனப்பாடம் பண்ணணும், இல்ல சின்ன வயசுலேந்து காதுல விழுந்துட்டே இருக்கணும். இதுல "மேரீட் வித் டூ கிட்ஸ்"னு சொன்னா அது சுத்தமான இங்கிலீஷ், கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்கன்னு அர்த்தம். போய் லாஜிக் தேடுங்க.

எங்கக்கா இங்கிலாந்துல நர்ஸ். ஸ்கூல்ல "டிஃபரன்ட் ஃப்ரம்"தான்னு ஸ்கேலால அடிச்சு சொல்லிக் குடுத்தாங்க, முட்டி வீங்கிப் போய் வீட்டுக்கு வந்தா. அங்க போனா வார்டுல வெள்ளைக்கார நர்ஸுங்க "டிஃபரன்ட் டு"ங்கறாங்களாம், அமெரிக்காக்காரன் கேட்டா "டிஃபரன்ட் தேன்"ங்கறான். அவங்கள யாரும் கேலி பண்றதில்லப்பா.

"அப்ப தப்பாவே பேசலாமா"ன்னு கெளம்பி வருவீங்க. மேல ரெண்டாவது பாராவப் படிங்க. "கிளையன்ட் கால்ல பேசினா மானம் போகும்"பீங்க, சரி, கொஞ்சம் நியாயம்தான், அப்ப தனியா கூப்ட்டு சொல்லுங்களேன், எதுக்கு முப்பது பேர் முன்னாடி? "உனக்கு இங்கிலீஷ் வராது, அதான் எரியுது"ன்னு ஒருத்தர் ஏற்கெனவே எனக்கு மெசேஜ் போட்டாச்சு. சந்தோஷம் சார். நல்லா இருங்க.

இன்னொண்ணு. ஜோக் அடிச்ச அதே பெரியவர், டீ பிரேக்குக்கு முன்னாடி தன் பழைய மேனேஜரப் பத்திப் பேசறப்ப "ஹி வாஸ் சீனியர் தேன் மீ"ன்னாரு. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன்லேந்து வந்த வார்த்தைங்க, பின்னாடி "டு"தான் வரும், "தேன்" வராது. ஒருத்தர் சிரிச்சீங்களா? அவர் டை கட்டியிருந்தாரு, மைக் அவர் கையில இருந்துச்சு, அந்தப் பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சேன்னு முதல் வரியிலயே சொல்லிடுச்சு. அப்ப நீங்க சிரிச்சது இங்கிலீஷுக்கா?

அன்ஃப்ரெண்ட் பண்றவங்க தாராளமா பண்ணிக்கோங்க.